மாட்டிலிருந்து மூலதனமா, மூலதனத்திலிருந்து மாடா?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய காலத்தில் ஐரோப்பாவில் மாட்டுத் தலைகளை எண்ணித்தான் ஒருவருடைய சொத்தை மதிப்பிடுவார்களாம், லத்தீனில் தலைக்குக் 'காபுட்' என்று பெயராம், அதனால்தான் 'கேப்பிட்டல்', 'கேப்பிட்டலிசம்' எல்லாம் வந்தனவாம். மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்' என்ற ஆங்கிலச் சொல் கிட்டத்தட்ட அதே போல ஒலிப்பதே சான்று என்று முடித்திருக்கிறார்கள். நம்பலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: தலை வரைக்கும் நம்பலாம். மாடு வரும் இடத்தில்தான் கதை தடம் மாறுகிறது. இரண்டு சொற்களும் உறவுதான், ஆனால் எது தாய், எது பிள்ளை என்பதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மாட்டிலிருந்து 'கேப்பிட்டல்' வரவில்லை. சொத்து என்ற பொருளில் இருந்த சொல்தான் நாளடைவில் சுருங்கிச் சுருங்கி மாடாகிவிட்டது.

'காபுட்' என்றால் தலை. அதிலிருந்து 'காப்பிட்டாலிஸ்', அதாவது தலை சார்ந்தது, தலையாயது. பழைய ரோமானியர்கள் இதைப் பணத்துக்குச் சொன்னதில்லை. அந்தப் பொருள் மிகவும் பிந்தி, இடைக்கால லத்தீனில் வந்தது. 1100-ஐ ஒட்டித் தொடங்கியிருக்கலாம், ஐரோப்பாவில் நகரங்கள் பெருத்து வணிகம் சூடுபிடித்த காலம் அது. கடன் எழுதும்போது கொடுத்த தொகையைக் கடனின் 'தலைப்பகுதி' என்று குறித்தார்கள், அதற்கு மேல் வாங்குவது வட்டி. 13-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கு பரவலாகிவிட்டது, அப்புறம் வணிகர்கள் வியாபாரத்தில் போட்ட பணம், கையிலிருக்கும் சரக்கு எல்லாவற்றுக்கும் அதே சொல்லை நீட்டிக்கொண்டார்கள். ஆக, 'கேப்பிட்டல்' பிறந்தது மாட்டுத் தொழுவத்தில் இல்லை, கடன் கணக்கில். நாம் 'அசலும் வட்டியும்' என்கிறோமே, அந்த அசல்தான் அதன் பழைய பொருள்.

சரி, மாடு எங்கே வந்தது? 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. லத்தீன் 'காப்பிட்டாலே' என்ற சொத்துச் சொல் வட பிரெஞ்சில் 'கத்தெல்' என்றும், பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் 'சத்தெல்' என்றும் மாறியிருந்தது. ஆங்கிலம் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டது. முதலாவது 'கேட்டில்' ஆனது, இரண்டாவது 'சாட்டல்' ஆனது. ஆரம்பத்தில் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: ஒருவனுடைய அசையும் சொத்து, பாத்திரம் பண்டம் உட்பட. நாட்டுப்புறத்தில் அசையும் சொத்தில் பெரியது கால்நடை என்பதால் 'கேட்டில்' மெல்ல மெல்ல கால்நடைக்கு ஒதுங்கி, பிறகு மாட்டோடு நின்றுவிட்டது. 'சாட்டல்' சட்டப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

அந்தச் 'சாட்டல்' என்ற சொல்லை நான் சும்மா கடந்துபோக விரும்பவில்லை. அமெரிக்காவில் தெற்கு கரோலினா காலனி 1740-இல் போட்ட சட்டத்தில், அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் அவர்களுடைய உடைமையாளர் கையில் 'சாட்டல்' ஆகவே கருதப்படுவார்கள் என்று எழுதினார்கள். நாற்காலி, குதிரை போல மனிதரும் அசையும் சொத்து. இன்றும் வரலாற்றாசிரியர்கள் அந்த வகை அடிமை முறைக்குச் 'சாட்டல்' அடிமை முறை என்றே பெயர் சொல்கிறார்கள். தலையை எண்ணிச் சொத்துக் கணக்குப் போட்ட கதை நிஜமாகவே நடந்தது, ஆனால் அது நடந்த இடம் இந்த வாட்ஸ்அப் செய்தி சொல்லும் பசுமையான கிராமம் இல்லை.

அப்படியானால் மாட்டுக் கதை ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது? வேறு சில சொற்களில் அது நிஜம் என்பதால்தான். லத்தீனில் 'பெக்குஸ்' என்றால் கால்நடை, அதிலிருந்து வந்த 'பெக்கூனியா' என்றால் பணம். பழைய ஆங்கிலத்தில் 'ஃபெயோ' என்ற ஒரே சொல் கால்நடைக்கும் பணத்துக்கும் பொது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு இன்றும் கால்நடையைத்தான் குறிக்கிறது. சமஸ்கிருதப் 'பசு'வும் இதே கூட்டம்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது 'ஃபெல்லோ' என்ற சொல். வட ஐரோப்பிய வைக்கிங்குகளின் மொழியில் 'ஃபேலாகி' என்றால் கூட்டு முயற்சியில் தன் 'ஃபே'வை, அதாவது தன் மாட்டை அல்லது பணத்தை, இறக்கியவன், சுருக்கமாகப் பங்காளி. அந்தப் பங்காளிதான் தேய்ந்து தேய்ந்து இன்று பேச்சில் சாதாரண 'ஆள்' ஆகிவிட்டான்.

நமக்கும் இது புதிதில்லை. 'கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை' என்ற 400-ஆவது குறளில் வரும் மாடு நான்கு கால் மாடு இல்லை, செல்வம். பள்ளியில் இதைப் படித்தபோது வாத்தியார் பொருள் சொல்வதற்கு முன்னால் நாங்கள் எல்லாரும் கொம்பு வைத்த மாட்டைத்தான் நினைத்துக்கொண்டோம், இப்போது யோசித்தால் எங்கள் நினைப்பும் முழுத் தவறு இல்லை என்று தோன்றுகிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்வதில் போரைத் தொடங்கி, அதற்கு வெட்சி என்று திணையே வகுத்த மொழி நம்முடையது.

அதனால் உங்கள் குழுவில் இப்படி எழுதிப் போடுங்கள்: 'பெக்கூனியா' மாட்டிலிருந்து வந்தது, 'கேப்பிட்டல்' வட்டிக் கணக்கிலிருந்து வந்தது, 'கேட்டில்' என்ற சொல் 'கேப்பிட்டல்' வீட்டுப் பிள்ளை.

கேள்வி: 'கேப்பிட்டலிசம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் கார்ல் மார்க்ஸ்தானே? ஒரு போட்டித் தேர்வுக் கையேட்டில் ஆடம் ஸ்மித் என்று போட்டிருக்கிறது. எது சரி?
— வாசகர், கோவை

பதில்: இரண்டுமே தவறு.

ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட நூலில் அந்தச் சொல்லே இல்லை. 'கேப்பிட்டல்' உண்டு, 'ஸ்டாக்' உண்டு, 'வணிகச் சமூகம்' உண்டு, 'இயல்பான சுதந்திரத்தின் அமைப்பு' என்ற தொடர் உண்டு. 'இசம்' இல்லை. அவரை அதன் தந்தை என்று சொல்வதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சூட்டியது.

'இசம்' வருவதற்கு முன்னால் ஆள் வந்துவிட்டார். 'கேப்பிட்டலிஸ்ட்' என்ற சொல் ஐரோப்பிய மொழிகளில் 17-ஆம் நூற்றாண்டிலேயே நடமாடத் தொடங்கியது. புரட்சிக் காலத்துப் பிரான்சைச் சுற்றிப் பார்த்த ஆங்கிலேய வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங், 1792-இல் அச்சான தன் பயணக் குறிப்பில், வரிக்கு அகப்படாமல் தப்பிக்கும் பணக்காரர்களை இந்தப் பெயரால் சுட்டுகிறார். 1817-இல் ரிக்கார்டோ தன் பொருளாதார நூலில் அதை வெகு சாதாரணமாகப் புழங்குகிறார், நிலக்காரர் ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம், 'கேப்பிட்டலிஸ்ட்' ஒரு பக்கம். அதில் திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை.

'கேப்பிட்டலிசம்' என்ற சொல்லுக்கு நாம் இன்று புரிந்துகொள்ளும் கூர்மையைக் கொடுத்தவர் என்று நான் ஒருவரைக் கைகாட்ட வேண்டுமென்றால் பிரெஞ்சு சோசலிஸ்ட் லூயி பிளாங்கைத்தான் காட்டுவேன். 1848 பிப்ரவரிப் புரட்சிக்குப் பிறகு அமைந்த தற்காலிக அரசில் உட்கார்ந்தவர் அவர், வேலை கேட்பது ஒவ்வொருவரின் உரிமை என்று வாதாடியவர். வேலையில்லாதவர்களுக்காக அந்த அரசு தேசியப் பட்டறைகளைத் திறந்தது, ஜூன் மாதம் அவற்றை மூடும் உத்தரவு வந்தது, பாரிஸ் தொழிலாளர்கள் தடுப்பரண் கட்டித் தெருவில் இறங்கினார்கள், ராணுவம் அதைக் குருதியில் முடித்தது. பிளாங் லண்டனுக்குத் தப்பிப் போனார். 1850-இல் தன் பழைய நூல் ஒன்றின் புதுப் பதிப்பில், பாஸ்தியா என்ற பொருளாதார அறிஞருக்கு மறுப்பு எழுதும்போதுதான் இந்தச் சொல்லை எடுக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: கேப்பிட்டலால் பயன் உண்டு என்று பாஸ்தியா பக்கம் பக்கமாக நிறுவுகிறார், அதை யார் மறுத்தது? கேப்பிட்டல் பயனுள்ளது என்பது வேறு, நான் 'கேப்பிட்டலிசம்' என்று அழைக்கப்போவது வேறு. மற்றவர்களை விலக்கிவிட்டுச் சிலர் மட்டும் கேப்பிட்டலைத் தமதாக்கிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர்.

இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். இன்றைக்கும் தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் நடக்கும் சண்டையில் பாதி, இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வருவதுதான். ஒருவர் 'முதல் போடாமல் எப்படித் தொழில் நடக்கும்?' என்று கேட்பார், இன்னொருவர் 'முதல் ஏன் நாலு பேர் கையிலேயே இருக்கிறது?' என்று கேட்பார், இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு தொண்டை வற்றப் பேசுவார்கள்.

ஆங்கிலத்தில் 1854-ஐ ஒட்டி நாவலாசிரியர் தாக்கரே இதைப் பயன்படுத்தினார், ஆனால் அவரிடம் பொருள் வெறுமனே பணம் படைத்திருக்கும் நிலை. பிரான்சில் சோசலிசச் சிந்தனையாளர் புரூதோன் இதை வசைச்சொல்லாகவே எடுத்துக்கொண்டார். மார்க்ஸ்? 1867-இல் வந்த அவருடைய 'மூலதனம்' முதல் பாகத்தைப் புரட்டினால் 'கேப்பிட்டலிஸ்ட்' உற்பத்தி முறை என்ற தொடர் வந்துகொண்டே இருக்கும், 'இசம்' என்ற பெயர்ச்சொல்லோ தேடினாலும் கிடைப்பது அரிது. அவருடைய கவனம் உற்பத்தி எப்படி நடக்கிறது என்பதில் இருந்தது, கொள்கைக்குப் பெயர் வைப்பதில் இல்லை.

பெயரைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனவர் ஜெர்மானியரான வெர்னர் சோம்பார்ட், 1902-இல் தன் பெரிய நூலுக்குத் தலைப்பாகவே வைத்தார். மாக்ஸ் வேபர் 1904, 1905 ஆண்டுகளில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளும் சேர்ந்த பிறகு அது ஆய்வாளர்களின் அன்றாடச் சொல் ஆகிவிட்டது. இவ்வளவு காலமும் அந்த அமைப்பை ஆதரித்தவர்கள் இந்தப் பெயரை அவ்வளவாக விரும்பவில்லை, அது எதிரி வைத்த பெயர் என்ற கசப்பு இருந்தது. பிறகு அவர்களே எடுத்து மாட்டிக்கொண்டார்கள். 1962-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் தன் நூலின் தலைப்பில் இந்தச் சொல்லையும் சுதந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

எதிரி வைத்த பெயர் நிலைத்துப்போவது அரசியலில் அடிக்கடி நடப்பதுதான். பிரிட்டனின் 'டோரி' என்ற பெயர் ஐரிஷ் மொழியில் வழிப்பறிக்காரரைக் குறித்த சொல், அவர்களின் எதிரணிக்கு வாய்த்த 'விக்' என்ற பெயர் ஸ்காட்லாந்துக் கலகக்காரர்களைக் கேலியாக அழைத்தது. 1679 முதல் 1681 வரை அரியணை யாருக்கு என்று நடந்த சண்டையில் ஒருவரையொருவர் இப்படித் திட்டிக்கொண்டார்கள், திட்டியதே கட்சிப் பெயராகிவிட்டது.

உங்கள் கையேட்டில் இருக்கும் அந்தக் கேள்வி தேர்வில் வந்தால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். விடைத்தாளில் எதைக் குறிக்கச் சொல்வது என்று எனக்கு உண்மையிலேயே சங்கடமாக இருக்கிறது. கையேட்டை வெளியிட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

கேள்வி: முதலாளித்துவம், முதலாளியம், முதலியம் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். எது சரி? 'முதல்' என்பதே ஆங்கிலத்தைப் பார்த்து நாம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பு என்று ஒரு நண்பர் சொல்கிறார்.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 'முதலிலார்க் கூதிய மில்லை' என்று 449-ஆவது குறள் தொடங்குகிறது. முதல் போடாதவருக்கு லாபம் இல்லை, அவ்வளவுதான், கடைத்தெருவில் இன்று சொல்வதும் இதுதான். 463-ஆவது குறள் 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்'. வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையிலிருக்கும் முதலைத் தொலைக்கும் வேலையில் அறிவுள்ளவர் இறங்கமாட்டார். குறளின் காலத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் எத்தனையோ கருத்து இருக்கிறது, அதில் மிகவும் பிந்திய கணக்கை எடுத்துக்கொண்டால்கூட, லத்தீனில் கடன் தொகைக்குத் 'தலைப்பகுதி' என்ற பெயர் விழுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே தமிழில் 'முதல்' இந்தப் பொருளில் நின்றுவிட்டது. நாம் யாரையும் பார்த்து எழுதவில்லை. அவர்கள் தலை என்றார்கள், நாம் தொடக்கம் என்றோம்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இந்த எண்ணம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார். இடையர்கள் அவற்றை வாங்கிக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ள வரைக்கும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்திருக்கும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத பெரிய ஆடு. ஆடு சாகும், கிழடாகும் என்று வெட்டியவருக்குத் தெரியாதா என்ன? செத்ததற்கும் கிழடு தட்டியதற்கும் பதில் குட்டிகளிலிருந்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும், மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. தனித்தனி ஆடு போகும், முதல் போகாது. மூலதனம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பொருளாதாரப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் பணமாகக் கொடுத்த அறக்கொடைகளும் உண்டு, அவற்றுக்கு ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. வட்டியை அங்கே 'பொலிசை' என்று எழுதினார்கள். பொலி என்றால் பெருகுவது, நாம் பொலிகாளை என்கிறோம் அல்லவா, அதே பொலி.

கிரேக்கத்திலும் இப்படித்தான், 'டோக்கோஸ்' என்றால் பிறந்த குட்டி, வட்டிக்கும் அதுவே பெயர். அரிஸ்டாட்டில் அதைச் சுட்டிக்காட்டி, பணம் பணத்தைப் பெறுவது இயற்கைக்கு விரோதம் என்று கோபப்பட்டார். எங்கள் பக்கத்தில் ஆட்டை வாரத்துக்கு விடுவார்கள், ஆட்டுக்காரர் ஒருவர், மேய்ப்பவர் ஒருவர், பிறக்கிற குட்டி ஆளுக்குப் பாதி. அங்கே அரிஸ்டாட்டிலுக்குக் கோபம் வந்திருக்காது, ஏனென்றால் ஆடு நிஜமாகவே குட்டி போடுகிறது, மேய்த்தவருக்கும் பங்கு போகிறது.

'முதல்' கடல் கடந்தும் போயிருக்கிறது, இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சிங்களத்தில் 'முதல்' என்றால் பணம், கடைக்காரர் 'முதலாளி'. மலையாளத்தில் 'முதல்' சொத்து, அங்கேயும் 'முதலாளி' உண்டு.

இப்போது உங்கள் கேள்வி. 'முதலியம்' என்று எழுதுபவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது: 'கேப்பிட்டல்' கூட்டல் 'இசம்', ஆகவே முதல் கூட்டல் இயம், ஆளை எதற்கு நடுவில் இழுக்க வேண்டும்? 'முதலாளித்துவம்' நீளமாக இருக்கிறது, வால் பகுதி சமஸ்கிருதம் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. இருந்தாலும் நான் 'முதலாளித்துவம்' பக்கம்தான், வால் வேண்டாம் என்றால் 'முதலாளியம்'. ஆளி முக்கியம்.

ஏன் என்றால், ஆளி என்பது ஆள்பவர், உடையவர். கடனாளி, தொழிலாளி, அறிவாளி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. லூயி பிளாங் 1850-இல் பிரித்துக் காட்டிய வித்தியாசம் எதில் இருந்தது? முதலில் இல்லை, முதல் யார் கையில் இருக்கிறது என்பதில். ஐரோப்பியச் சொல் அந்தக் 'கை'யைத் தனக்குள் வைக்கவில்லை, வெறும் முதலை மட்டும் வைத்துக்கொண்டு 'இசம்' சேர்த்தது, அதனால்தான் அவர் ஒரு வாக்கியம் முழுக்க விளக்கம் எழுத வேண்டியிருந்தது. தமிழ்ச் சொல் அந்தக் கையைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. முதல் வேறு, முதலாளித்துவம் வேறு என்று தமிழில் ஒருவர் சொன்னால் படிக்காதவருக்கும் உடனே புரிகிறது. 'முதலியம்' என்று சுருக்கினால் அந்த வசதியை நாமே கையால் அழித்துவிடுகிறோம். ஆங்கிலச் சொல்லின் எலும்புக்கூட்டை அப்படியே நகல் எடுப்பதைவிட, அது சொல்ல வந்ததைச் சொல்வதுதான் நல்ல கலைச்சொல்.

அதே ஆளி தொழிலாளியிலும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலை ஆள்பவர் முதலாளி, தொழிலை ஆள்பவர் தொழிலாளி. ஆங்கிலத்தில் 'லேபர்' என்ற சொல் பாடு, வருத்தம் என்ற பொருளுள்ள லத்தீனிலிருந்து வருகிறது. நம்முடைய சொல்லில் அந்த மனிதருக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

கேள்வி: பங்குச் சந்தையில் சொல்லும் 'ஸ்டாக்' என்பதற்கு மரக்கட்டை என்று பொருளாமே?
— வாசகர், சேலம்

பதில்: ஆமாம். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' அடிமரம், கட்டை. பணத்துக்கு அது எப்படி வந்தது என்பதற்கு நிறையப் பேர் காட்டுவது கணக்குக் கோல். இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் பல நூற்றாண்டு காலம் கடனையும் வரவையும் குச்சியில் வெட்டுப் போட்டுத்தான் குறித்தார்கள். தொகைக்கு ஏற்ப அகலமாகவும் குறுகலாகவும் வெட்டு, பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். வெட்டு இரண்டு பாதியிலும் இருக்கும், ஒன்றில் மட்டும் யாரும் திருத்த முடியாது, மர ரேகை பொருந்துகிறதா என்று சேர்த்துப் பார்த்தால் போதும். கொடுத்தவர் வைத்துக்கொண்ட பெரிய பாதிக்குத்தான் 'ஸ்டாக்' என்று பெயர்.

1782-இல் இந்த முறையை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள், ஆனால் பழைய அலுவலர்கள் பதவியில் இருக்கும் வரை தொடரட்டும் என்று விட்டதில் 1826 வரை இழுத்தது. மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். அளவுக்கு மீறித் திணித்ததில் தீ மேலே பரவி, இங்கிலாந்து நாடாளுமன்றக் கட்டடத்தில் பெரும்பகுதி அன்று இரவே எரிந்துபோனது. இப்போது லண்டனில் நாம் படத்தில் பார்க்கும் நாடாளுமன்றம் அதற்குப் பிறகு கட்டியது.

மரம் என்றதும் இன்னொன்று. நம் 'முதல்' என்பதற்கு மரத்தின் அடி, வேர் என்ற பொருளும் உண்டு. 'மூலதனம்' என்பதில் உள்ள மூலம் சமஸ்கிருதத்தில் வேர். 'அசல்' அரபியிலிருந்து வந்தது, அங்கேயும் அதன் பொருள் வேர். ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத இந்த மூன்று மொழிகளும் போட்ட பணத்தைப் பார்த்து ஒரே மரத்தை நினைத்திருக்கின்றன. நம் இலக்கணத்தில் முதலுக்கு எதிர்ச்சொல் சினை, அதாவது கிளை, உறுப்பு. மாடு சினையாக இருக்கிறது என்கிறோமே, அந்தச் சினையும் இதே எழுத்துதான்; முதலும் சினையும் என்று இலக்கண வாத்தியார் சொன்னது எனக்கு அசலும் வட்டியும் என்று கேட்கிறது.

கேள்வி: 'பெர் கேபிட்டா', 'கேப்பிட்டல் பனிஷ்மென்ட்', தலைநகரைச் சொல்லும் 'கேப்பிட்டல்' எல்லாம் ஒரே சொல்தானா?
— வாசகர், சென்னை

பதில்: எல்லாம் அதே 'காபுட்'தான். தலைக்கு இவ்வளவு, தலை போகிற தண்டனை, தலையாய நகரம். தமிழிலும் மூன்றுக்கும் தலை பொருந்துவதால் விளக்கமே தேவைப்படவில்லை பாருங்கள். கப்பல் 'கேப்டன்', சமையல் 'செஃப்', புத்தகத்து 'சாப்டர்' எல்லாரும் இதே வீட்டுக்காரர்கள்.

தேர்தலில் சொல்லும் 'போல்' என்பதும் தலைதான், ஆனால் இது வேறு குடும்பம், நெதர்லாந்துப் பக்கத்து மொழியோடு உறவு. வாக்கெடுப்பு என்பது தலையை எண்ணுவது, 'போல் டாக்ஸ்' என்பது தலைவரி. 1381-இல் இங்கிலாந்தில் விவசாயிகள் கலகம் வெடித்ததற்கு உடனடிக் காரணம் இந்த வரிதான்: பிச்சைக்காரர் நீங்கலாக, 15 வயதுக்கு மேற்பட்ட ஆணும் பெண்ணும் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும். 1990-இல் மார்கரெட் தாட்சரின் அரசு ஏறக்குறைய அதே மாதிரி ஒரு வரியைக் கொண்டுவந்தபோது மக்கள் அதற்குப் பழைய பெயரையே திரும்பச் சூட்டினார்கள், லண்டனில் கலவரம் வந்தது, தாட்சர் அந்த ஆண்டே பதவி விலகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரிக்குப் பெண்ணின் தலையை 1381-லேயே எண்ணிவிட்டார்கள். நாடாளுமன்ற வாக்குக்கு எண்ணத் தொடங்கியது 1918-இல், அதுவும் 30 வயது தாண்டியவர்களை மட்டும், சொத்துத் தகுதியும் வைத்து. ஆணுக்குச் சமமாக எண்ணியது 1928-இல்.